பாட முடியாமல் போனதால் வந்தவர் அல்ல என் டீச்சர்

ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகப் பாட்டைச் சொல்லித்தரும் என் டீச்சருக்கு ஒரு விழா மேடையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். டீச்சரை உட்கார வைத்துக்கொண்டே, "ஒரு காலத்தில் ஓபரா பாடியவர், பாட முடியாமல் போனதும் வகுப்பு எடுக்க வந்துவிட்டார்" என்று அறிமுகம் செய்தார்கள். அவர் லேசாகத் தலையசைத்தார். எனக்குத்தான் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

சொல்லித்தருவது தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மனுவேல் கார்சியா என்ற ஓபரா பாடகர் 1825-இல் நியூயார்க்கில், இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் ஓபராவில் ஃபிகாரோ என்ற பாத்திரமாகப் பாடியபோது அவருக்கு வயது 20. சில வருடங்களிலேயே குரல் பாழாகி மேடையை விட்டார். சரி, அதோடு முடிந்ததா? 1841-இல் ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் தேய்ந்துபோன குரலோடு அவரிடம் வந்தார். முதலில் பாடவே கூடாது என்று கார்சியா பல வாரம் அவர் வாயை மூட வைத்தார். அப்புறம்தான் பாடம். அந்தக் குரலைத்தான் பிறகு ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடின. 1854-இல் கார்சியா சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலைத் திருப்பிவிட்டு, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். குரல் கெட்ட மனிதருக்குத்தானே அது எங்கே, எப்படிக் கெடுகிறது என்று பார்க்கத் தோன்றும்!

புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா காலஸுக்கு ஏதென்ஸில் சொல்லிக்கொடுத்த எல்விரா டி ஹிதால்கோவும் மேடையில் பாடி வந்தவர்தான். தன் பாடம் முடிந்த பிறகும் மற்ற மாணவர்களின் பாடத்தைக் கேட்டபடி காலஸ் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பாராம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 24 வயதில் எனக்கு மேல் ஸ்தாயி உடைந்தது. அதற்கு முன் சொல்லிக்கொடுத்தவர் "இன்னும் அழுத்து, வரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் ஒரே ஒரு "ஆ" கேட்டார். அரை டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் கொண்டுவந்து வைத்தார். "ஊது. ஊதிக்கொண்டே குரல் கொடு. பாடாதே." மூன்று வாரம் வெறும் குமிழிதான். தண்ணீர் எதிர்த்துத் தள்ளும் அழுத்தத்தில் குரல்நாண்கள் மோதாமல் மென்மையாகச் சேரும் என்பது பிறகுதான் புரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், குமிழிகளைத்தான் பார்ப்பார். அவை ஒரே சீராக வராமல் திக்கினால், "விலா இறங்கிவிட்டது" என்று என் முதுகில் கை வைப்பார்.

பாடியவர்கள் எல்லாம் நல்ல ஆசிரியர்களா என்று கேட்பீர்கள். இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இன்றும் மேடையில் இருப்பவரிடம் கற்கலாமே என்பீர்கள். கற்கலாம். ஆனால் ஒரு நாளும் குரல் கைவிடாத ஒருவருக்கு, கைவிடப்பட்ட குரலை எங்கிருந்து தூக்குவது என்று எப்படித் தெரியும்?

"உண்மையைத்தானே சொன்னார்கள், இதில் என்ன அவமானம்?" என்றும் ஒருவர் என்னிடம் கேட்டார். டீச்சர் பாடுவதை நிறுத்தியது உண்மைதான். மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி, கடைசி வரிசைவரை கேட்கும்படி இருபது வருடம் பாடியதும் உண்மை. அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? "முடியாமல்" என்ற ஒரு சொல்லில் இருபது வருடத்தையும் துடைத்துவிட்டீர்கள். நீ அவருடைய மாணவி, அதனால்தான் பொங்குகிறாய் என்றால், ஆமாம். நான் பொங்காமல் வேறு யார் பொங்குவார்கள்?

மேல் சுரங்களை இப்போது அவர் எங்களுக்கு ஒரு ஸ்தாயி கீழே பாடித்தான் காட்டுகிறார். அதைப் பாடும்போது அவர் கண் மூடியிருக்கும். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

அன்றைக்கு விழா முடிந்து வெளியே வந்ததும், "பரவாயில்லையா டீச்சர்?" என்று மட்டும்தான் கேட்டேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அவர் நின்று என் கழுத்தைப் பார்த்தார்.

"ஏன் தொண்டையை இறுக்கிப் பேசுகிறாய்? தண்ணீர் குடி."