அம்மாவுக்கு இருந்த ஆயாம்மா எனக்கு இல்லை

மே மாதம் வந்தால் எங்கள் மலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு, மற்ற எவருக்கும் லீவு கிடையாது. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று கீழிருந்து சனம் ஏறி வருகிற சமயம். நான் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு பார்க்கிறேன். வீட்டுக்காரர் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். வருசத்தில் நாலு காசு பார்க்கிற மாதம் இருவருக்கும் அதுதான். ரெண்டாவது படிக்கிற மகளையும் மூன்று வயது மகனையும் அந்த மாதம் முழுக்க எங்கே விடுவது?

சீசன் போனால் மழை. ஜூனில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் வெளுத்து வாங்கும். மழை லீவு அறிவிப்பு பல நாள் விடிகாலையில்தான் வரும். அந்த லீவைக் குறை சொல்ல மாட்டேன். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் லீவு பிள்ளைக்கு மட்டும்தான். சோறு கட்டி, சட்டை மாட்டி, ஷூவும் போட்ட பிறகு செய்தி வந்தால், அன்று எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று யோசிக்கிறவள் அம்மா. பக்கத்து வீட்டு அக்காவும் வேலைக்குப் போகிறார். அவர் கதவும் பூட்டித்தான் இருக்கும்.

சமவெளியில் இருக்கிற தோழிகள், "பள்ளி விட்டதும் பிள்ளை தானா நடந்து வந்துடாதா?" என்கிறார்கள். எங்கள் பாதையில் காட்டுமாடு நிற்கும். கோத்தகிரிப் பக்கம் கரடி குடியிருப்புக்குள்ளேயே வரும். பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பெரியவர் ஒருவர் போய்த்தான் கூட்டி வரவேண்டும். அங்கன்வாடியிலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பிள்ளையை விட்டுவைக்க முடியாது. எனக்கு வேலை முடிய ஆறாகும்.

இதற்கெல்லாம் கிடைக்கிற பதில், "நேரத்தைத் திட்டமிடு, சீக்கிரம் எழுந்திரு, எல்லாம் உன் கையில்தான்." இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விடிகாலை நாலு மணிக்கே எழுந்தாலும் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை பிள்ளையைப் பார்க்க ஆள் முளைக்காது.

என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் அவருக்கு கிரெச் இருந்தது, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்கிற தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு கிரெச் வைத்தாக வேண்டும், பயிற்சி பெற்ற பெண் அதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னது. நானும் தம்பியும் அங்கேதான் வளர்ந்தோம். வரிசையாகத் தூளி தொங்கும். அம்மா காலை எடை போட்டுவிட்டு வந்து, தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் மலைக்கு ஏறுவார். சொர்க்கம் என்று சொல்லவில்லை. கூரை ஒழுகும், ஒரே ஆயாம்மா எங்கள் அத்தனை பேரையும் மேய்ப்பார். சம்பளமும் வாய்க்கும் வயிற்றுக்கும்தான். ஆனாலும் பிள்ளை எங்கே என்ற பயம் இல்லாமல் அம்மாவால் கொழுந்து பறிக்க முடிந்தது. பி.காம். படிக்கவைத்து என்னைக் கரையேற்றிவிட்டதாக அவர் நினைக்கிறார். அந்த நிம்மதி மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்தில் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் கிரெச் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் வந்தது. எங்கள் ஊரில் ஐம்பது பேர் வேலை செய்கிற இடம் எத்தனை? வர்க்கி போடுகிற பேக்கரியில் ஆறு பேர், மருந்துக்கடையில் மூன்று பேர், சாக்லேட் கடையில் நாலு பேர். மார்க்கெட் முழுக்கப் பெண்கள்தான் நிற்கிறார்கள். கடை கடையாக எண்ணினால் ஒரு கடையும் கணக்கில் வராது. தெருவாக எண்ணினால் ஒரு எஸ்டேட்டே தேறும்.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கிற பெண்ணுக்கு மகப்பேறு விடுப்புக் காலப் பணம் அங்கிருந்து வரும். இல்லாத இடத்தில் முழுச் செலவும் முதலாளி தலையில். பத்துப் பேர் வைத்திருக்கிறவர், கல்யாணமான பெண் வேலை கேட்டு வந்தால் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தால் வேலை கிடைக்காமல் போன தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். தயக்கம் நியாயமில்லை. அதைப் போக்க வேண்டியது அரசு.

அரசால் முடியாததும் இல்லை. 2023-லிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு போடுகிறார்கள். மகள் அங்கேயே சாப்பிடுவதால் என் காலை அவசரம் பாதி தீர்ந்தது. 2024-ல் மலையிலும் பெண்களுக்குப் பஸ் கட்டணம் இல்லை என்றானது. நான் கெட்டிக்காரி ஆனதால் வந்த மாற்றங்களா இவை? யாரோ உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டதால் வந்தவை.

அப்பாக்களுக்கும் சொல்கிறேன். சவாரி இல்லாத நாளில் என் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டி வருவார். அதற்கு "பொண்டாட்டிக்கு உதவுறான்" என்று பெயர் வைக்கிறார்கள். அவர் பிள்ளைகள்தானே.

பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு கிரெச் நடத்தலாம் என்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் அப்படி ஒன்று வேண்டும். இடம் நகராட்சி தரட்டும், கடைக்காரர்கள் பங்கு போடட்டும், நாங்களும் மாதம் ஒரு தொகை தருகிறோம். காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை, மழை லீவு விட்ட நாளிலும், மே மாதம் முழுக்கவும் திறந்திருக்க வேண்டும். நாங்கள் சிலர் நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பக்கம் வேலை செய்கிற அம்மா அப்பாக்கள், பிள்ளையின் வயதையும் உங்கள் வேலை முடிகிற நேரத்தையும் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். பெயர் வேண்டாம், அந்த இரண்டும் போதும்.