பட்டா சரிதான் அண்ணாச்சி, தண்ணி எம்புட்டு நின்னுச்சு?

போன வாரம் ஒரு அண்ணாச்சி வந்தாரு, கையில ஒரு கட்டு ஜெராக்ஸ். பாளையங்கோட்டைக்கு வெளிய ஒரு குளத்து மறுகால் (குளம் நெறஞ்சா உபரித் தண்ணி வெளியேறுற வழி) போற பக்கமா அஞ்சே கால் சென்ட் வாங்கிருக்காரு. பட்டா கிளியர், வில்லங்கம் கிளியர், அப்ரூவ்டு பிளாட்டு, பேங்க்ல லோனும் சாங்ஷன் ஆயிட்டு, நீங்க பிளான் மட்டும் போட்டுக் குடுங்கன்னாரு. நான் எடத்தப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், 2023 டிசம்பர்ல அங்கன தண்ணி எம்புட்டு நின்னுச்சுன்னு. மனுசனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "அது எல்லா எடத்துலயும்தான நின்னுச்சு"ன்னாரு.

எல்லா எடத்துலயும் நிக்கல மக்கா. அதான் விஷயமே. ரெண்டு தெரு தள்ளி மேட்டுல இருந்த வீட்டுக்கு வாசப்படி கூட நனையல, இங்க கட்டில் மெதந்துச்சு. 17ஆம் தேதி ஞாயித்துக்கெழம பெஞ்ச மழ நம்ம யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு 800 பேரு போல மாட்டிக்கிட்டாவ, நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் எல்லாம் தண்ணிக்குள்ள. கொக்கிரகுளம்னு பேர்லயே குளம் இருக்கு. வேய்ந்தான்குளம், நயினார்குளம்னு நம்ம ஊர்ப் பேரெல்லாம் சொல்லிக்கிட்டேதான் இருக்கு, நம்மதான் அத பஸ் ஸ்டாப்பு பேரா மட்டும் கேட்டுக்கிட்டு திரியுதோம்.

நான் இருபது வருஷமா இந்தப் பக்கம் வீட்டுக்குப் பிளான் போட்டுக் குடுக்கேன். அதனால சொல்லுதேன். பெர்மிஷனுக்கு என்னென்ன பாக்காவன்னு எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பத்திரம், பட்டா, எஃப்எம்பிங்க நெல அளவு வரைபடம், ரோட்டு அகலம், சுத்தி எம்புட்டு எடம் விட்டுருக்கு, எத்தன மாடி, மழநீர் சேகரிப்பு தொட்டி எங்க. நீர்நிலை பத்திக் கேக்க மாட்டாவளான்னா கேப்பாவ, ஆனா எப்டிக் கேப்பாவன்னா இந்த சர்வே நம்பர் குளமா, ஓடையா, வாய்க்கா புறம்போக்கான்னு. ரெக்கார்டுல இல்லையா, சோலி முடிஞ்சிது. மறுகால் தண்ணி பரவிப் போற வயக்காடு எல்லாம் பட்டா நெலம்தான். நூறு வருஷமா நெல்லு நின்ன எடம், மூணு நாள் தண்ணி நின்னா நெல்லுக்கு ஒண்ணும் ஆவாது, அதனால யாரும் அத ஒரு விஷயமாவே எழுதி வைக்கல. இப்ப அங்க நெல்லு இல்ல, சோபா செட்டு இருக்கு.

இதுல 2024 ஜூலைல சுயசான்று திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாவ. 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும்னா ஆன்லைன்ல நாமளே சான்று குடுத்து அனுமதி எடுத்துக்கிடலாம், எடத்தப் பாக்க ஆளு வரமாட்டாவ. நான் இத குத்தம் சொல்ல மாட்டேன். சாதாரண ஜனம் ஒரு வீட்டுக்காக ஆறு மாசம் ஆபீஸ் வாசல்ல நின்ன கதை எனக்குத் தெரியும். மேட்டு நெலத்துக்கு இது வரம்தான். ஆனா தண்ணி பாயுற எடத்துக்கும் அதே ஒரு கிளிக்குங்கதுதான் எனக்கு ஒப்பல.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. 2019ல ஒரு ரிட்டயர்டு டீச்சருக்குப் பிளான் போட்டேன், வயக்காட்ட மூடுன லேஅவுட்டு. கொத்தனாரு கூடச் சொன்னாரு, சார் இது பள்ளமான எடம், பேஸ்மட்டத்த இன்னும் ரெண்டு அடி ஏத்துவோம்னு. டீச்சர் பிஎஃப் பணத்த எண்ணி எண்ணி வச்சிருக்காவ, ரெண்டு அடின்னா செங்கலு, சரளு, கூலின்னு எங்கயோ போவும், நானும் ரோட்டுக்கு மேல ஒண்ணர அடி போதும் டீச்சர்னுட்டேன். 2023ல வீட்டுக்குள்ள நாலு அடி. தண்ணி வடிஞ்ச மூணாம் நாள் போனேன், முத்தத்துல புஸ்தகத்தக் காயப் போட்டுக்கிட்டு இருந்தாவ. திட்டல. "நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா தம்பி"ன்னாவ, அம்புட்டுத்தான். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

இந்த "ரோட்டுக்கு மேல ஒண்ணர அடி"ங்கதே ஒரு ஏமாத்து. ரோடு எந்த மட்டத்துல இருக்கு? பழைய தாரத் தோண்டாம அதுமேலயே புதுசு போட்டுக்கிட்டே போறாவ, பத்து வருஷத்துல நம்ம வீடு ரோட்டுக்குக் கீழ போயிருது. அளவுன்னா வெள்ளம் நின்ன கோட்டுல இருந்து அளக்கணும், ரோட்டுல இருந்து இல்ல.

எங்க சித்தப்பா மவன் டெக்சாஸ்ல ஹூஸ்டன்ல இருக்கான். அங்க நடக்கிறதக் கேட்டா கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. அமெரிக்கால வெள்ள அபாயப் பகுதின்னு மேப்பே போட்டு வச்சிருக்காவ, எந்தத் தெரு உள்ள எந்தத் தெரு வெளியன்னு யார் வேணா பாக்கலாம். உள்ள இருந்தா வீடு கட்ட தனிப் பெர்மிட். நூறு வருஷ வெள்ளம் எந்த மட்டத்துல வரும்னு கணக்கு இருக்கு, புது வீட்டோட தரை அந்த மட்டத்துக்காவது இருக்கணும். 2017ல ஹார்வி புயல்ல ஹூஸ்டன் முங்குன பெறவு அந்த மாநகராட்சி இன்னும் இறுக்கிட்டாவ, 2018 செப்டம்பர்ல இருந்து ஐநூறு வருஷ வெள்ள மட்டத்துக்கும் மேல ரெண்டு அடின்னு. இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆத்து வெள்ளம் ஓடுற முக்கியமான பாதைல ஒருத்தன் மண்ணடிக்கணும்னா அதனால வெள்ள மட்டம் ஏறாதுன்னு கணக்குப் போட்டுக் காட்டணும். இங்க நம்ம என்ன பண்ணுதோம்? காசு இருக்கவன் அறுவது லோடு கிராவல் அடிச்சு மனைய ஏத்திருதான், அவன் வீட்டுல நிக்க வேண்டிய தண்ணி பக்கத்து ஓட்டு வீட்டுக்குப் போவுது. ஆளாளுக்கு உசத்திக்கிட்டா சரியாப் போவும்னு நெனைக்கிறவங்க இத யோசிக்கிறதே இல்ல.

அந்த "நூறு வருஷ வெள்ளம்"ங்க வார்த்தைய நிறைய பேரு தப்பாப் புரிஞ்சிருக்காவ. 2023ல வந்துட்டு, இனி 2123லதான்னு இல்லங்க. ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்புன்னு அர்த்தம். முப்பது வருஷ ஹோம் லோன் போட்டா லோன் முடியுறதுக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு நூத்துக்கு 26 வாய்ப்பு. நாலுல ஒண்ணு. பேங்க் மேனேஜர் இத சொல்ல மாட்டாரு. நம்ம பெருசுங்க இன்னும் 1992ல தாமிரபரணில வந்த வெள்ளத்தத்தான் பேசுதாவ, 92க்கும் 2023க்கும் நடுவுல 31 வருஷம்தான், கணக்குப் போட்டுக்கிடுங்க.

நம்ம நாட்டுல யாருக்கும் இந்த யோசனை வராம இல்ல. 1975லயே மத்திய அரசு வெள்ளச் சமவெளிக்கு, அதாவது ஆத்து வெள்ளம் பரவுற நெலத்துக்கு, முன்மாதிரி மசோதா ஒண்ணு எழுதி எல்லா மாநிலத்துக்கும் அனுப்பிச்சு, எங்க கட்டவே கூடாது, எங்க நிபந்தனையோட கட்டலாம்னு மண்டலம் பிரிக்கச் சொல்லி. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தரகாண்ட், பழைய ஜம்மு காஷ்மீர்னு விரல் விட்டு எண்ணுற மாநிலந்தான் சட்டமா ஆக்குனாவ. தமிழ்நாடு அந்த லிஸ்ட்ல இல்ல. நான் அப்ப பொறக்கக் கூட இல்ல, நம்ம ஊர்ல அந்த மசோதா இன்னும் மசோதாவாவே இருக்கு.

வெள்ளம் நிக்கிற எடத்துக்கு இங்கயும் தனிப் பெர்மிட் வேணும்னு எங்க கட்டட வேலைக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டேன், ஒடனே ஒரு நண்பர் சொல்லுதாரு, "ஏன் ஓய், இருக்க ஆபீஸ் பத்தாதா, இன்னொரு உண்டியல் வைக்கச் சொல்லுதீரா"ன்னு. நியாயமான கேள்விதான், நான் சிரிக்கல. ஒரு ஃபைலுக்கு ஒரு ஆபீஸ்ல நான் பட்ட பாட்டத் தனிப் பதிவாப் போடலாம். ஆனா காசு எங்க பொரளுதுன்னு பாருங்க, ஆபீசரு மனசு வச்சாத்தான் உண்டு, இல்லன்னா இல்லங்க எடத்துலதான். மட்டத்த வெளிப்படையா எழுதிப் போட்டுட்டா அவரு கையில என்ன இருக்கு? 92லயும் 2023லயும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சோ அதத் தெருத்தெருவா அளந்து கரண்டு போஸ்ட்டுல பெயிண்ட்ல கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு மேல தரை மட்டம், கீழ வேணும்னா தூண் நிறுத்தி வண்டி விட்டுக்கிடட்டும், மண்ணடிச்சு மூடக் கூடாது, மறுகால் பாதைன்னா பட்டா இருந்தாலும் கட்டடமே கெடையாது. எல்.கே.ஜி. புள்ள கூட கோட்டப் பாத்துச் சொல்லிரும் இந்த வீடு சரியா தப்பான்னு. பட்டாக்காரனுக்கு நஷ்டமேன்னு கேப்பீங்க, ஆமா நஷ்டம்தான், அரசு அந்த எடத்தக் காசு குடுத்து எடுத்துக்கிடணும். வெள்ளம் வந்த பெறவு ரேஷன் கார்டுக்கு ஆறாயிரம்னு குடுத்தாவள்லா, அதுல ஒரு பங்க முன்னாலயே போட்டா என்ன?

குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி நட்டாத்துல இருக்கு. வெள்ளம் வரும்னு தெரிஞ்சேதான் கட்டிருக்காவ, முன்னால படகு மூக்கு மாதிரி தண்ணியக் கிழிக்கிற மாதிரி வச்சு முழுசும் கல்லு, வெள்ளம் வந்தா உற்சவர மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாவ, வடிஞ்சா கழுவிட்டுப் பூசை. அந்த ஆசாரிமாருக்கு யாரு பெர்மிட் குடுத்தான்னு தெரியல, ஆத்தப் பாத்துட்டுக் கட்டிருக்காவ.

மறுகால் பக்கத்து அண்ணாச்சி நேத்து மறுபடி போன் பண்ணாரு. கோவமா இருப்பாருன்னு நெனச்சேன், இல்ல. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு செவுத்துல 2023 கறை இன்னும் இருக்காம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போறாவளாம். அதுக்கு முன்னால போயிப் பாத்துறணும், நாளைக்குக் காலைல கொத்தனாரையும் மட்டம் பாக்குற டியூப் லெவலையும் கூட்டிட்டுப் போறேன்.