அடித்தால் வருவது வாக்குமூலம்தான், உண்மை அல்ல

போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஒரு பையன் கையில் மாவுக்கட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கும் போட்டோ வந்தால் போதும், கமெண்ட் பகுதி நிரம்பிவிடுகிறது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு போல" என்று ஒருவர் எழுதுவார். காவலில் அடிபட்டவர்களைப் பற்றி ஸ்டேஷனில் சொல்லும் வழக்கமான சாக்கு அது. கமெண்டுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. போட்டோவில் இருப்பவன் மேல் குற்றப்பத்திரிகைகூடத் தாக்கல் ஆகியிருக்காது. சிரிப்பவர்களில் எனக்கு நெருங்கிய நண்பர்களும் உண்டு. நல்லவர்கள், படித்தவர்கள், சொந்தப் பிள்ளையைக் கைநீட்டி அடிக்காதவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அவர்கள் சொல்வது இரண்டு. தப்பு செய்தவனுக்கு இது வேண்டியதுதான் என்பது ஒன்று. அடிக்காமல் கேட்டால் எவன் உண்மையைச் சொல்வான் என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் முதலாவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அடித்துக் கேட்டதில் ஒப்புக்கொண்டான், அதனால் அவன்தான் தப்பு செய்தவன் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

சித்திரவதை என்றதும் ஐரோப்பாவின் இருட்டறைகளும் அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நம் மண்ணுக்கென்றே ஓர் அறிக்கை இருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்று 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அரசு வேறு வழியில்லாமல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 1855இல் அறிக்கை வந்தது. குழுவிடம் மூன்றே மாதத்தில் வந்து சேர்ந்த புகார்கள் 1,959. அப்போது இங்கே ரயில்கூட ஓடவில்லை. பத்திரிகையும் படிக்கத் தெரியாத குடியானவர்கள், ஊரில் தாசில்தாருக்கும் அவருடைய சேவகர்களுக்கும் பயந்தபடியே, எப்படியோ கேள்விப்பட்டு நேரில் வந்தும் எழுதியனுப்பியும் சொன்னவை அவை.

அதில் பதிவாகியிருக்கும் முறைகளைப் படித்தால் சாப்பாடு இறங்காது. கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் விரல்களைக் கொடுத்து மறுமுனையை அழுத்துவார்கள். அண்ணாந்தாள் என்றால் ஆளை வளைத்து, கழுத்தையும் கால் விரல்களையும் அவன் வேட்டியாலேயே, இல்லையென்றால் வைக்கோல் பிரியால் இழுத்துக் கட்டி, உச்சி வெயிலில் விட்டுவிடுவது. முதுகில் கல்லையும் ஏற்றுவார்கள். கண்ணில் மிளகாய்ப்பொடி போடுவார்கள். கடிக்கும் வண்டைத் தொப்புளில் வைத்து, அது ஓடிவிடாமல் சிரட்டையால் மூடிக் கட்டுவார்கள். வரி வாங்குகிறவரும் திருட்டை விசாரிக்கிறவரும் ஒரே ஆளாக இருந்ததால், வயல் பாக்கிக்குப் பழகிய கை திருட்டு வழக்கிலும் அதையே செய்தது. வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பங்கில்லை, எல்லாம் நம்மூர் சிப்பந்திகளின் வேலை என்று குழு எழுதிக் கையைக் கழுவிக்கொண்டது. வசூல் குறைந்தால் யார் தலை உருளும் என்று தெரிந்த எவரும் அதை நம்ப மாட்டார்கள்.

இங்கேதான் நிறைய பேர் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது. காசு கேட்டு அடித்தால் காசு வரும். அது கையில் விழுந்ததும் கேட்டது கிடைத்துவிட்டது என்று அடித்தவனுக்குத் தெரியும். அந்தக் கொடூரமான அர்த்தத்தில் கிட்டி வேலை செய்தது. ஆனால் "நீதானே செய்தாய்?" என்று கேட்டு அடிக்கும்போது வருவது ஒரு சொல் மட்டும்தான். செய்தவனும் "ஆமாம்" என்பான், செய்யாதவனும் "ஆமாம்" என்பான். எது மெய், எது பொய் என்று அடித்தவனுக்கே தெரியாது. ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் இதை அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார்: சிலர் எதையும் தாங்கிக்கொண்டு வாயே திறக்க மாட்டார்கள், சிலர் வலியிலிருந்து தப்பினால் போதுமென்று எந்தப் பொய்யையும் சொல்வார்கள். அடியில் தெரியவருவது உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதுதான்.

மதராஸ் அறிக்கை கிளப்பிய சங்கடத்துக்குப் பிறகு வந்த 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி ஏறியது. அதுவே 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவானது. இன்றைய பாரதிய சாட்சிய சட்டத்தில் 23ஆம் பிரிவாக இருப்பதும் அதுதான். 1872 சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், இந்திய போலீஸார் ஏன் சித்திரவதையில் இறங்குகிறார்கள் என்று பேச்சு எழுந்தபோது அனுபவமுள்ள ஓர் அதிகாரி சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தேய்ப்பது சுகமாக இருக்கிறது என்றாராம் அந்த அதிகாரி. நூற்றைம்பது வருஷம் ஆகியும் இதைவிடச் சரியான காரணத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு வாசலும் திறந்து கிடந்தது. வாக்குமூலத்தில் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய 27ஆம் பிரிவு. புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. ஸ்டேஷன் பேச்சில் "ரெக்கவரி" என்பார்கள். நகைத் திருட்டு வழக்குகளில் ஏன் இவ்வளவு அடி விழுகிறது என்பதற்கு விடை இங்கே கிடைக்கும். மேலே இருப்பவருக்கு நாளைக்குள் ரெக்கவரி காட்ட வேண்டும். பிடிபட்டவன் எடுத்திருந்தால் கொடுத்துவிடுவான். எடுக்காதவன் என்ன செய்வான்? என் சொந்தத்தில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். அந்த மாதிரி நேரங்களில் பொண்டாட்டி தாலியை விற்றாவது கொண்டுவந்து வைப்பார்கள் என்று அவர் சொன்னபோது குரலில் பெருமை இல்லை, வெட்கம்தான் இருந்தது.

2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோவிலில் நடந்ததும் நகைப் புகார்தான். கோவிலுக்கு வந்தவரின் காரிலிருந்த நகையைக் காணவில்லை. கோவில் காவலாளியான இளைஞரைத் தனிப்படை தூக்கிக்கொண்டு போனது. கோவிலுக்குப் பின்புறம் அவரை அடிப்பதை யாரோ மறைந்திருந்து செல்போனில் எடுத்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். பிடித்துப்போன மறுநாளே ஆள் உயிரோடு இல்லை. உடற்கூறாய்வில் 44 காயங்கள். நகை கிடைக்கவில்லை. அந்த வாரம் மட்டும் மாவுக்கட்டு ஜோக் எங்கும் கண்ணில் படவில்லை. அடுத்த மாதம் திரும்ப வந்துவிட்டது.

"உன் வீட்டுக் குழந்தைக்கு நடந்தா இப்படிப் பேசுவியா?" என்று கேட்பவர்களுக்குக் குருகிராமில் நடந்ததைச் சொல்கிறேன். 2017 செப்டம்பரில் அங்கே ஒரு பள்ளியின் கழிவறையில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் கழுத்து அறுபட்டுக் கிடந்தான். நாடே கொதித்தது. அன்றைக்கே ஹரியானா போலீஸ் பள்ளிப் பேருந்தின் நடத்துநரைப் பிடித்தது. அவர் டிவி கேமராக்களுக்கு முன்னாலேயே "நான்தான் செய்தேன்" என்றார். தூக்கில் போடு என்று எல்லோரும் கத்தினோம். சிறுவனின் பெற்றோர்தான் இந்தக் கதையை நம்பாமல் சிபிஐ விசாரணை கேட்டார்கள். வழக்கை எடுத்த சிபிஐ, நடத்துநருக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்று சொல்லி வேறொருவரைக் கைது செய்தது. 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் நடத்துநரை வழக்கிலிருந்து விடுவித்தது. வதை தாங்காமல்தான் ஒப்புக்கொண்டேன் என்றார் அவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனுக்கு உண்மைதான் தேவைப்பட்டது. அடித்து வாங்கிய அந்த வாக்குமூலம் அவர்களுக்குக் குறுக்கேதான் நின்றது.

அமெரிக்காவின் கதை இன்னும் பெரிது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்த நாட்டின் உளவு அமைப்பான சிஐஏ இரண்டு உளவியலாளர்களைக் கூலிக்கு அமர்த்தி விசாரணை முறைகளை வடிவமைத்தது. அந்த முறைகள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளை, கிருமி ஆயுதம் வீசினோம் என்று பொய்யாக ஒப்புக்கொள்ள வைத்த சீன முறைகளிலிருந்து. அப்படிச் சிக்கினால் எப்படித் தாங்குவது என்று சொந்த வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க அமெரிக்கா அவற்றைத் தொகுத்து வைத்திருந்தது. பொய் வாக்குமூலம் வாங்கும் முறையென்று தெரிந்த ஒன்றை எடுத்து, உண்மை வாங்கப் பயன்படுத்தினார்கள். 2002 ஆகஸ்டில், அல்காய்தா ஆள் என்று பிடித்து வைத்திருந்த அபு ஜுபைதாவின் முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணற வைத்தது 83 தடவை. 9/11 சதியின் மூளையாக இருந்தவன் யார் என்ற முக்கியமான தகவலை அவர் அதற்கு முன்பே கொடுத்துவிட்டார், காயத்துக்கு மருந்து போட்டுப் பக்குவமாகப் பேசிய எஃப்பிஐ அதிகாரிகளிடம். 2014இல் அமெரிக்க செனட் குழு வெளியிட்ட அறிக்கை, இந்த முறைகள் பயன் தரவில்லை என்று முடிவாகச் சொன்னது.

பயன் தராததோடு போகவில்லை. அமெரிக்காவிடம் பிடிபட்ட இப்னுல் ஷேக் அல் லிபி என்பவரை எகிப்துக்கு அனுப்பி வதைத்தபோது, ஈராக் அல்காய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றார். கேட்டவர்களுக்கு வேண்டிய பதில் அது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதை ஐ.நா. பாதுகாப்பு சபையில் எடுத்து வைத்தார். அடுத்த மாதம் ஈராக் மேல் போர். அல் லிபி பிறகு அதை மறுத்துவிட்டார். அதற்குள் ஒரு நாடு நாசமாகியிருந்தது.

ஒருபோதும் உண்மை வராதா என்றால், வரும் சமயமும் உண்டு. 2002இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் ஒருவன் ஒரு வங்கியாளரின் மகனைக் கடத்தினான். பிடிபட்டவனை வதைக்கப்போவதாக போலீஸ் மிரட்டியதும் சிறுவன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டான். சிறுவன் முன்பே கொல்லப்பட்டிருந்தான். மிரட்டல் பலித்தது நிஜம்தான். ஆனால் பிணைத்தொகையை எடுக்க வந்தவனைப் பின்தொடர்ந்து, பொறுமையாகத் துப்புத் துலக்கி, சரியான ஆளை முன்பே பிடித்து வைத்திருந்தார்கள். ஆள் அவன்தான் என்ற நிச்சயத்தை வாங்கிக் கொடுத்தது அந்த உழைப்பு. அந்த உழைப்பைச் செய்யாத இடத்தில்தான் நம் ஊரில் லத்தி எடுக்கிறார்கள். ஜெர்மனி, மிரட்டச் சொன்ன அதிகாரியையும் நீதிமன்றத்தில் நிறுத்திக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை வந்த இடம் அது.

விரல் ரேகையைக் குற்றப் புலனாய்வுக்கு ஒழுங்காகப் பயன்படுத்த உலகின் முதல் அலுவலகம் 1897இல் திறந்தது கல்கத்தாவில். ஆக, நமக்கு அறிவியல் புதிதில்லை. ஆள் பற்றாக்குறை, ஓய்வில்லாத டியூட்டி, மேலிடத்துப் பிரஷர் எல்லாம் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் அடித்தே கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்துக் கூலித் தொழிலாளி. தப்பி ஓடிவிட்டார் என்று கதை கட்டினார்கள். ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் ஜீப் போய் நிற்பது குறவர் குடியிருப்பிலும் இருளர் குடியிருப்பிலும்தான். வசதியானவன் வீட்டுப் பிள்ளை பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக நான் ஒரு செய்திகூடப் படித்ததில்லை.

தப்பு செய்தவனுக்கு வேண்டியதுதான் என்ற முதல் வாதத்துக்கும் வருகிறேன். செய்தவன் என்று நூறு சதவீதம் நிரூபணம் ஆனவனாகவே இருக்கட்டும். கட்டிப்போட்ட ஒரு மனிதனை, திருப்பி அடிக்க முடியாதவனை, சம்பளம் வாங்கும் நால்வர் சேர்ந்து அடிப்பது கேவலம். அதை என் வரிப்பணத்தில், என் பெயரால் செய்வதை நான் ஏற்கவில்லை. அடிக்கிற அந்த நால்வரும் அன்றிரவு வீட்டுக்குத்தான் போகிறார்கள், அங்கேயும் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. அதைச் சட்டப்படி ஏற்று இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. 2010இல் மக்களவை சித்திரவதைத் தடுப்பு மசோதா ஒன்றை நிறைவேற்றியது, மாநிலங்களவையைத் தாண்டாமல் அது காலாவதியானது. அப்படியொரு சட்டம் வேண்டும் என்று 2017இல் சட்ட ஆணையம் மறுபடி வற்புறுத்தியது. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள்.

அதுவரை கையில் இருப்பதையாவது பயன்படுத்துவோம். கைது செய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். ரிமாண்டுக்கு முன் டாக்டர் உடம்பைப் பார்த்துத்தான் சான்று தர வேண்டும். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் அடித்துக் கொன்ற ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அதை செட் செய்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷன்களிலும் லாக்கப், வராண்டா, வாசல் என்று ஓரிடம் விடாமல் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்களுக்குத் தெரிந்தவர் யாரையாவது "சும்மா விசாரணைக்கு" என்று கூட்டிக்கொண்டு போனால், போன தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஆகியிருந்தால் அந்த நேரத்துப் பதிவை வரவழைக்கச் சொல்லி மாநில மனித உரிமை ஆணையத்துக்கு உடனே எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.