அஜானியும் அபெனியும்

நைஜீரியாவில் யொருபா மக்கள் பேசும் யொருபா மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்தான்: 'ஓ'. அதனால் யொருபாப் பெயர்களிலும் ஆண் பெண் பேதமே கிடையாது என்று பலர் மெச்சுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

நிறையப் பெயர்கள் பொதுப்பெயர்கள் என்பது நிஜம். இரட்டைப் பிள்ளைகளில் முதலில் பிறப்பது தாய்வோ, அடுத்தது கெஹிண்டே. ஆணானாலும் பெண்ணானாலும் அதே பெயர்தான். (கெஹிண்டேதான் மூத்தது, உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர தாய்வோவை முன்னால் அனுப்புகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.) கால் முதலில் வெளிவந்தால் இகே, அதுவும் இருபாலருக்கும். ஆனால் கொடி சுற்றிப் பிறந்தால் பையன் ஓஜோ, பெண் ஐனா. தாத்தா இறந்தபின் பிறக்கும் பேரன் பாபாதுண்டே, அப்பா திரும்பி வந்தார் என்று பொருள். பாட்டிக்குப் பின் வரும் பேத்தி யெதுண்டே. 'அக்கின்' என்றால் வீரம். அது முன்னால் வந்தால் அநேகமாக ஆண்தான். 1986இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் வோலே சோயிங்காவின் முழுப்பெயரில் அக்கின்வாண்டேயும் உண்டு, பாபாதுண்டேயும் உண்டு.

என்னை உறுத்துவது இவையல்ல, ஒரிக்கி. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடும் புகழ்ப்பெயர் அது. அங்கே ஆண் வேறு, பெண் வேறு என்று அப்பட்டமாகத் தெரிகிறது. அஜானி என்றால் சண்டை போட்டுப் பெற்ற பிள்ளை, அது மகனுக்கு. அபெனி என்றால் கெஞ்சிப் பெற்ற பிள்ளை, அது மகளுக்கு. அடுக்கே, அபெக்கே, அஷாக்கே என்று பெண்களின் ஒரிக்கி பலவும் 'கே' என்று முடிகின்றன. சீராட்டுவது என்று அர்த்தம். அடுக்கே என்றால், நான் நீ என்று போட்டி போட்டுச் சீராட்டும் பெண்.

இந்தப் பெயர்களில் ஊறும் பாசம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நகரத்து வீடுகளில் ஒரிக்கி வழக்கொழிந்துவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மகனுக்குச் சண்டை, மகளுக்குச் சீராட்டு என்ற பங்கீட்டை ஏன் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்? 1940களில் அபெயோகுட்டா என்ற யொருபா ஊரில் பெண்கள்மீது போட்ட வரியை எதிர்த்து ஃபுன்மிலாயோ ரான்ஸம் குட்டியின் தலைமையில் சந்தைப் பெண்கள் திரண்டார்கள். 1949இல் 'அலாக்கே' என்று பட்டம் கொண்ட அந்த ஊர் அரசர் பதவியை விட்டே இறங்க வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் எத்தனை அபெனிகளும் அபெக்கேகளும் இருந்திருப்பார்கள்! அவர்களின் பேத்திக்கோ கொள்ளுப்பேத்திக்கோ அஜானி என்று ஒரிக்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்?