அருவியில் குளித்தால் பர்ன்அவுட் போய்விடுமா?

“மூன்று நாள் குற்றால அருவியில் தலையைக் காட்டினால் பர்ன்அவுட் போய்விடும். மனநல மாத்திரையை அன்றே நிறுத்தலாம். உலக சுகாதார நிறுவனமே இதை நோயாக அறிவித்துவிட்டது” என்று நெல்லை, தென்காசி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு. பர்ன்அவுட் என்பது ஓயாத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வு.

அந்த நிறுவனம் நோய்களையும் உடல்நல நிலைகளையும் வகைப்படுத்தும் ஐசிடி-11 பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் க்யூடி85 என்ற குறியீட்டைப் பாருங்கள்: பர்ன்அவுட் நோயல்ல, வேலை சார்ந்த நிலை. சக்தி வற்றுவது, வேலைமேல் கசப்பு, செய்திறன் குறைவது ஆகிய மூன்றும் சேர்ந்தது.

சாரலில் குளிப்பது சுகம்தான், யார் மறுத்தது? ஆனால் திரும்பி வந்து அதே சுமையைத் தூக்கினால் அதே சோர்வுதான். முதலில் ஒரு வேலையையாவது குறைக்கவோ தள்ளிப்போடவோ கேளுங்கள். விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுங்கள். மதியம் இரண்டுக்குமேல் டீ, காபி வேண்டாம். காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். நடைக்குப் பத்து நிமிடம் போதும். முதல் நாளே ஒரு மணி நேரம் என்று தொடங்க வேண்டாம்.

ஆபத்தானது மாத்திரை விஷயம். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை வரலாம். பழைய நோயும் திரும்பலாம். மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஓயாத அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரையும் காரணமாகலாம். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சந்தேகமிருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. அந்தச் செய்தியை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.