லால்பாக் மரங்களில் பெயர் வெட்டுகிறவர்களுக்கு

வயிறு எரிகிறது. பெங்களூரு லால்பாக்கில் மூங்கில் புதர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், கைக்கு எட்டுகிற உயரத்தில் கீறல் இல்லாத கழியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பெயர், நடுவில் அம்பு பாய்ந்த இதயம், கீழே வருஷம். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று எல்லா எழுத்தும் இருக்கிறது, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குள் அப்படி ஒரு ஒற்றுமை. தமிழில் வெட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கூடுதலாகவே வலிக்கிறது, ஏனென்றால் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை பார்த்த திகளர்கள் தமிழ் வேர் உள்ளவர்கள்.

போன மலர் கண்காட்சி சமயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ரயில் கற்றாழையின் தடித்த மடலில் ஒரு பையன் வண்டிச் சாவியால் கீறிக்கொண்டிருந்தான். பச்சைத் தோல் சுருண்டு விழ, உள்ளேயிருந்து சாறு கசிந்து அவன் விரலெல்லாம் பிசுபிசு. அவன் அப்பா பக்கத்திலேயே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு, "இன்னும் ஆழமாப் போடுடா, சரியா விழல" என்கிறார். நான் போய், "சார், வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். "சின்னப் பையன் சார், விடுங்க. செடிக்கு வலிக்கவா போகுது?" என்று சிரிக்கிறார். சுற்றி நின்ற இத்தனை பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பையன் கடைசி எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தான்.

வலிக்குமா வலிக்காதா என்ற பேச்சே வேண்டாம். என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள். மரப்பட்டைக்கு அடியிலேயே இருக்கிற மெல்லிய அடுக்கு வழியாகத்தான் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குகிறது. அதைச் சுற்றிலும் முழு வட்டமாக அறுத்துவிட்டால் எவ்வளவு பெரிய மரமும் பட்டுப்போகும். சும்மா பெயர்தானே என்று வெட்டுகிற இடத்தில் பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போக வழி கிடைக்கிறது. நம் தோலில் புண் ஆறுவதைப் போல மரத்துக்கு ஆறுவதில்லை, அது காயத்தைச் சுற்றி அடைத்துக்கொண்டு மேலே புதுசாக வளரப் பார்க்கும், அவ்வளவுதான். மூங்கிலுக்கு அந்த வழியும் கிடையாது. கழி ஒருமுறை வளர்ந்துவிட்டால் அப்புறம் பருக்காது, அதனால் அந்தக் கீறல் கழி சாகிற வரைக்கும் அப்படியே இருக்கும். கற்றாழை மடலும் அப்படித்தான்.

இது யாரோ நேற்று நட்டு வைத்த தோட்டமா? 1760-ல் ஹைதர் அலி ஆரம்பித்தது, திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளும் விதைகளும் வரவழைத்து வளர்த்தது. இன்றைக்கு 240 ஏக்கர். கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1889-ல். எத்தனை ஆட்சி மாறியது, எத்தனை பஞ்சம் வந்தது, அத்தனையையும் தாண்டி யாரோ தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியதால்தான் நீங்கள் அந்த நிழலில் நின்று பொட்டலம் பிரிக்கிறீர்கள். கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி வருஷம், அதிலும் போய்ப் பெயரைச் சுரண்டுகிறார்கள்!

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர் கண்காட்சி வந்தால் இன்னும் மோசம். செல்ஃபிக்காகக் கம்பி வேலியைத் தாண்டுகிறார்கள், வேர் மேல் ஏறி நிற்கிறார்கள். அத்தனை பேர் மிதித்தால் மண் இறுகிப்போகும், வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. குப்பையைப் பற்றி நான் பேசவே போவதில்லை, அதையாவது மறுநாள் காலையில் யாராவது கூட்டி எடுத்துவிட முடியும். வெட்டினதை யார் எடுப்பது?

காவலுக்கு ஆள் போடவில்லை, அபராதம் இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். 240 ஏக்கரில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காவலாளியையா நிறுத்த முடியும்? உங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தில் முன்பின் தெரியாத ஒருத்தன் பெயரை வெட்டினால் சும்மா இருப்பீர்களா? காதல் உண்மையானதாகவே இருக்கட்டும், அதற்கு மூங்கில் என்ன பாவம் செய்தது? அப்பா அம்மாக்களே, பூங்காவுக்குள் நுழையும்போதே பிள்ளை கையிலிருக்கும் சாவியை வாங்கிப் பையில் போடுங்கள். கீறுகிறவனைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாமல் சத்தம் போடுங்கள். அன்றைக்கு என்னோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கேட்டிருந்தால் அந்த மனிதர் சிரித்திருக்க மாட்டார்.