பிள்ளைகளை மண்ணில் விட்டுவிட்டு நாம் கொஞ்சம் விலகி நிற்போம்

பிள்ளைகளுக்கு இயற்கையை அறிமுகப்படுத்துகிறோம் என்ற பெயரில் நடக்கும் பல முகாம்களில், இயற்கையைவிட நிகழ்ச்சி நிரலே பெரிதாக இருக்கிறது. வரிசையில் நிற்க வைத்து, மரங்களின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்லி, குறிப்பேட்டை நிரப்பச் செய்து, கடைசியில் குழுவாக ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இவை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் இது கூரையில்லாத வகுப்பறையே தவிர விளையாட்டு அல்ல.

மழை விட்டதும் ஓடும் சிறு நீரோட்டத்தின் குறுக்கே மூன்று நான்கு பிள்ளைகள் அணை கட்டுவதைத் தள்ளி நின்று கவனித்துப் பாருங்கள். முதலில் வெறும் மண்ணைக் குவிப்பார்கள், அது கரைந்துபோகும். கல்லை அடுக்கினால் இடுக்குகள் வழியே நீர் கசியும். யாராவது ஒரு பிள்ளை அந்த இடுக்குகளில் இலைகளைத் திணித்து மேலே சேற்றைப் பூசினால் நீர் தேங்கத் தொடங்கும், ஆனால் சற்று நேரத்தில் பக்கவாட்டில் கரையை அரித்துக்கொண்டு வேறு வழியில் ஓடிவிடும். இதற்குள் யார் மேஸ்திரி என்ற சண்டையும் ஒரு முறை மூண்டு, தானாகவே தணிந்திருக்கும். இடையில் பெரியவர் ஒருவர் புகுந்து, "அப்படி வைக்காதே, இப்படி வை" என்று சொன்னால் அணை உறுதியாக நிற்கும், விளையாட்டு நின்றுபோகும்.

டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சென், தாம் அழகாக வடிவமைத்த விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டுமான இடங்களில் கிடந்த தட்டுமுட்டுப் பொருள்களையே பிள்ளைகள் அதிகம் விரும்பியதைக் கண்டார். அதன் விளைவாக 1943இல், நாடு ஜெர்மானியப் பிடியில் இருந்த காலத்திலேயே, கோபன்ஹேகனின் எம்ட்ருப் பகுதியில் பழைய பலகைகளும் மண்ணும் நிறைந்த ஒரு திடல் உருவானது. சறுக்குமரத்தில் செய்வதற்கு ஒன்றிரண்டு வேலைகளே உண்டு, குச்சிக்கும் மண்ணுக்கும் அப்படி எந்த வரம்பும் இல்லை.

உடல்நலப் பயன்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற நேரம் கொடுத்து மூன்று ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. வெளியே சென்ற பிள்ளைகளில் அது 30.4 விழுக்காடுதான். வெளியில் கிடைக்கும் பிரகாசமான வெளிச்சமே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

அடிபட்டுவிடுமே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் உயரமும், கண்ணுக்குத் தெரியாமல் புல்லுக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டும் ஒன்றல்ல. எந்தக் கிளைவரை ஏறலாம் என்பதைப் பிள்ளையே தன் கைகால்களைக் கொண்டு அளந்துகொள்ளும். கண்ணாடித் துண்டை அப்படி அளக்க வழியில்லை. ஆகவே கண்ணாடி, கம்பி, மூடப்படாத கிணறு, ஆழமான நீர் ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்துவைப்பது நம் வேலை. அதன்பின், குரல் கேட்கும் தொலைவில் அமர்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பதும் நம் வேலைதான், அதுவே கடினமானது.

வெளியே விட்டவுடன் பல பிள்ளைகள் "போரடிக்குது" என்பார்கள். அந்த முதல் அரைமணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் கைபேசியை நீட்டிவிடுகிறோம். விளையாட்டு பெரும்பாலும் அந்தச் சலிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வளரிளம் பருவத்தினர் நிலை இன்னும் மோசம்: இரண்டு பேர் ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சந்தேகத்தோடு பார்க்கிறோம்.

ஆண்டுக்கொருமுறை தொலைதூரக் காட்டுக்கு அழைத்துச் செல்வதைவிட, நடந்துபோகும் தூரத்தில் பராமரிப்பில்லாத ஒரு மூலை இருப்பதே மேல் என்பேன். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பிள்ளைக்குத்தான், சென்ற வாரம் இருந்த எறும்புப் புற்று இப்போது இடம் மாறியிருப்பது தெரியும். பூங்காக்களை நிர்வகிப்போரிடம் நான் கேட்பதும் இதுதான்: ஒரு மூலையை மட்டுமாவது சிமெண்ட் பூசாமல் விடுங்கள்; அங்கே விழுந்த கிளைகளையும் சருகுகளையும் கூட்டி அள்ளாதீர்கள்; தோண்டக்கூடாது என்ற பலகையை அங்கே நடாதீர்கள்.